ஒரே தொண்டையில் மூன்று நிபுணர்கள்: பதில் கூறவேண்டியவர் யார்?

"வைத்தியரின் கவனயீனத்தால் நோயாளி மரணம்" என்ற தலைப்பைப் பத்திரிகைப் பணியில் கழிந்த நான்கு தசாப்தங்களில் எத்தனை தடவைகள் ஒப்புநோக்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஊரும் பெயரும் மாறும். தலைப்பு மாறாது. அந்தத் தலைப்பில் வைத்தியர் எப்போதும் ஒருமையிலேயே இருப்பார். ஒரு நோயாளி, ஒரு வைத்தியர், ஒரு தவறு என்று அமைந்துவிட்டால் செய்தி எழுதுவது சுலபம். வழக்குத் தொடுப்பதும் சுலபம். ஆனால் இன்றைய சத்திரசிகிச்சைக்கூடத்தில் அந்த ஒருமையைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதான காரியமல்ல. அதிலும் நோயாளியின் சுவாசப் பாதையை இரண்டு மூன்று துறைகளைச் சேர்ந்த நிபுணர்கள் பங்குபோட்டுக் கையாளும்போது, தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி நீதிபதிகளையே திக்குமுக்காட வைத்திருக்கிறது.

வயிற்றிலோ முழங்காலிலோ சத்திரசிகிச்சை நடைபெறும்போது எல்லைக்கோடு தெளிவானது. நோயாளியின் தலைமாட்டில் மயக்கமருந்து நிபுணர் நிற்பார். கத்தி பிடிப்பவர் வேறொரு பக்கத்தில் நிற்பார். இருவருக்கும் நடுவே ஒரு துணித்திரை. தொண்டையில் அந்தத் திரைக்கு இடமில்லை. மயக்கத்தில் இருப்பவருக்கு ஒட்சிசன் செல்லவேண்டிய வழியும் சத்திரசிகிச்சை நிபுணர் வேலை செய்யவேண்டிய இடமும் ஒன்றே. குரல்நாணில் முளைத்த ஒரு சிறு கட்டியை அகற்றவேண்டுமானால் அதே குரல்நாண்களுக்கு இடையேதான் சுவாசக் குழாயும் வாதனாளிக்குள் (மூச்சுக்குழலுக்குள்) இறங்கவேண்டும். ஒருவருக்கு வழி வேண்டும், மற்றவருக்கு இடம் வேண்டும். லேசர் கதிரைப் பயன்படுத்தும் சிகிச்சையென்றால் ஆபத்து இன்னும் அதிகம். லேசர் ஒருவருடைய கையில், ஒட்சிசன் மற்றவருடைய கட்டுப்பாட்டில். இரண்டும் தவறான தருணத்தில் சந்தித்தால் சுவாசக் குழாய் நோயாளியின் தொண்டைக்குள்ளேயே தீப்பற்றிக்கொள்ளும்.

சாதாரண தொண்டைமுளைச் சிகிச்சையிலும் (டான்சில் என்று பலரும் சொல்வது) இத்தகைய இடைவெளிகள் உண்டு. மூக்கிலோ வாயிலோ சத்திரசிகிச்சை நடைபெறும்போது இரத்தம் உள்ளே இறங்காதிருக்கத் தொண்டையின் அடியில் ஈரத் துணிச்சுருள் ஒன்றை வைப்பது நீண்டகால வழக்கம். அதை வைப்பவர் பெரும்பாலும் மயக்கமருந்து நிபுணர். சில சமயங்களில் சத்திரசிகிச்சை நிபுணரே வைப்பார். எடுப்பவர் யார்? 'அவர் எடுத்திருப்பார்' என்று இருவரும் நினைத்த சந்தர்ப்பங்களில் நோயாளி மூச்சுத்திணறியிருக்கிறார். பிரித்தானியாவின் நோயாளர் பாதுகாப்பு முகவரகம் இதற்கென்றே 2009இல் எச்சரிக்கை வெளியிட்டது. மயக்கமருந்து நிபுணர்கள் வழக்கமாக அத்துணிச்சுருளை வைக்கத் தேவையில்லை என்று 2018இல் அந்நாட்டு நிபுணர் சங்கங்கள் கூட்டாகப் பரிந்துரைத்தன. இன்னொன்றும் உண்டு. சிகிச்சை முடிந்தபின் மென்னண்ணத்தின் பின்னால் மறைந்திருக்கும் இரத்தக்கட்டி, குழாய் கழற்றப்பட்டதும் நழுவிக் குரல்வளையை அடைத்துவிடும். ஆங்கில வைத்தியர்கள் அதற்கு இட்டிருக்கும் பெயர் 'மரண விசாரணை அதிகாரியின் இரத்தக்கட்டி'. மரண விசாரணை மேசையில்தான் அது கண்டுபிடிக்கப்படும் என்பதால் வந்த பெயர். சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை முடிந்து மயக்கமருந்து நிபுணரின் வேலை மீண்டும் தொடங்கும் அந்த ஓரிரு நிமிடங்களில் அது ஒளிந்திருக்கிறது.

இவ்விடயத்தை நான் ஆழமாகப் படிக்க நேர்ந்தது இலேன் புரோமிலி என்ற ஆங்கிலேயப் பெண்ணின் கதையினால். உலகெங்கும் மயக்கமருந்துத் துறை மாணவர்களுக்கு இன்று அது பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. வயது 37, இரண்டு பிள்ளைகளின் தாய். 2005 மார்ச் 29ஆம் திகதி இங்கிலாந்தின் தனியார் வைத்தியசாலை ஒன்றுக்கு மூக்குப் பகுதியில் ஒரு சாதாரண சத்திரசிகிச்சைக்காகச் சென்றார். காலை 8.35 மணியளவில் மயக்கமருந்து கொடுக்கப்பட்டது. குரல்வளையின் மேல் பொருத்தப்படும் மென்மையான சுவாசக் கருவி சரியாக உட்காரவில்லை. இரண்டு நிமிடங்களில் இரத்தத்தில் ஒட்சிசன் அளவு 75 சதவீதத்துக்கு இறங்கியது. நான்கு நிமிடங்களில் 40 சதவீதம். முகமூடி மூலமும் காற்றுச் செல்லவில்லை. வாதனாளிக்குள் குழாயைச் செலுத்தும் முயற்சி தொடங்கியது.

அந்த அறையில் அனுபவமற்றவர் என்று எவரும் இருக்கவில்லை. மயக்கமருந்து நிபுணருக்கு 16 வருட அனுபவம். காது, மூக்கு, தொண்டை சத்திரசிகிச்சை நிபுணருக்கு 30 வருடங்களுக்கு மேற்பட்ட அனுபவம். உதவிக்கு ஓடிவந்தவர் இன்னொரு மயக்கமருந்து நிபுணர். கழுத்தின் முன்பக்கத்தைக் கீறி வாதனாளியில் துளையிட்டுச் சுவாசம் கொடுக்கும் முறை அத்தகைய நெருக்கடிக்கான இறுதி வழி. அதைச் செய்யக்கூடிய கைகள் மேசையின் அருகிலேயே இருந்தன. தாதி ஒருவர் அதற்கான உபகரணப் பெட்டியைக் கொண்டுவந்து, பெட்டி தயாராக இருக்கிறது என்று அறிவித்தும் இருக்கிறார். பதில் எதுவும் கிடைக்கவில்லை. இன்னொரு தாதி அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் ஒன்றை ஒதுக்கினார். அதை வந்து கூறியபோது, அளவுக்கு மீறிப் பதற்றப்படுகிறாரே என்பது போல் அவரைப் பார்த்தார்களாம். அவர் ஒதுக்கிய கட்டிலை இரத்துச் செய்துவிட்டார்.

மூவரும் மாறிமாறிக் குழாயைச் செலுத்த முயன்றுகொண்டிருந்தார்கள். சுமார் 20 நிமிடங்கள் ஒட்சிசன் ஆபத்தான அளவில் தாழ்ந்தே இருந்தது. முடிவில் முயற்சியைக் கைவிட்டு, தானாக விழித்தெழட்டும் என்று அவரை விட்டார்கள். அவர் விழித்தெழவில்லை. 13 நாட்களின் பின்னர், ஏப்ரல் 11ஆம் திகதி காலமானார்.

கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. விமானம் விழுந்தால் யாரைச் சிறையில் போடுவது என்று முதலில் கேட்காமல் என்ன நடந்தது என்று கேட்கப் பழகிய தொழில் அது. சுயாதீன விசாரணை வேண்டும் என்று அவர் கேட்டார். மயக்கமருந்துத் துறைப் பேராசிரியர் மைக்கேல் ஹார்மர் விசாரித்து அறிக்கை தந்தார். அந்த அறிக்கையில் என்னைச் சிந்திக்க வைத்தது ஒரு விடயம். மூவரும் கூடியபின்னர் அறையில் தலைமை யாரிடம் இருந்தது என்பது தெளிவற்றுப்போனது. நோயாளி தன்னுடையவர் என்று முதலாவது நிபுணர் நினைத்திருக்கலாம். சுவாசப் பாதை மயக்கமருந்துக்காரர்களின் ஆட்சிப்புலம் என்று சத்திரசிகிச்சை நிபுணர் நினைத்திருக்கலாம். உதவிக்கு வந்தவன்தானே நான் என்று மூன்றாமவர் நினைத்திருக்கலாம். 'இருக்கலாம்' என்று நான் எழுதுவது அவர்களது மனதுக்குள் நான் புகுந்து பார்க்கவில்லை என்பதால். ஆனால் பெட்டி திறக்கப்படாமல் இருந்தது உண்மை.

இனி, இதைச் சட்டத்தின் முன் வைத்துப் பாருங்கள். ஒருவர் தனியாகத் தவறும்போது சட்டத்துக்குச் சிரமம் இல்லை. 1987இல் இங்கிலாந்தில் கண் சத்திரசிகிச்சை ஒன்றின்போது சுவாசக் குழாய் இயந்திரத்திலிருந்து கழன்றுவிட்டதை அங்கிருந்த மயக்கமருந்து வைத்தியர் பல நிமிடங்கள் கவனிக்கத் தவறினார். நோயாளி இறந்தார். பாரதூரமான கவனயீனத்தினால் மரணத்தை விளைவித்த குற்றத்துக்கு அவ்வைத்தியர் உள்ளானதைப் பிரபுக்கள் சபை 1994இல் உறுதிசெய்தது. அடமாக்கோ வழக்கு என்று சட்ட மாணவர்கள் அறிவார்கள். அங்கே குழாய் ஒருவருடைய பொறுப்பில் இருந்தது. பலருடைய பொறுப்பில் இருக்கும்போது?

அமெரிக்க நீதிமன்றங்கள் ஒரு காலத்தில் இதற்குச் சுருக்கமான பதில் ஒன்றை வைத்திருந்தன. சத்திரசிகிச்சை நிபுணர் கப்பலின் தலைவர். கப்பலில் எவர் தவறினாலும் தலைவரே பதில் கூறவேண்டும். பென்சில்வேனியா மாநில உயர் நீதிமன்றம் 1949இல், பயிற்சி வைத்தியர் ஒருவரின் செயலால் பிறந்த குழந்தையின் கண் பாதிக்கப்பட்ட வழக்கில் இந்த உவமையைப் பயன்படுத்தியது. மயக்கமருந்தை யாரோ ஓர் உதவியாளர் சத்திரசிகிச்சையாளரின் சொற்படி சொட்டுச்சொட்டாக விட்டுக்கொண்டிருந்த காலத்து நியாயம் அது. மயக்கமருந்துத்துறை தனிச் சிறப்புத்துறையாக வளர்ந்தபின் அது பொருந்தவில்லை. டெக்சாஸ் உயர் நீதிமன்றம் 1977இல் அதை நிராகரித்தது. வேறு மாநிலங்களும் அவ்வழியே சென்றன. இன்னாருடைய செயலை உண்மையில் கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்று பார்க்கவேண்டும் என்பதே பின்னர் வந்த நிலைப்பாடு. தொண்டை விடயத்தில் இதுவும் பாதித் தூரமே செல்லும். கட்டுப்பாடு யாரிடம் இருந்தது என்று எவருக்கும் தெரியாமற்போனதுதானே அங்கு நேர்ந்த விபரீதம்!

ஆங்கிலச் சட்டம் மறுமுனையில் நிற்கிறது. குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு அளவுக்கு மீறி ஒட்சிசன் கொடுக்கப்பட்ட வில்ஷர் வழக்கில், 'குழு' என்ற ஒன்றுக்குப் பொதுவான கடமை உண்டு என்ற வாதத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் 1986இல் ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் வகிக்கும் பதவிக்குரிய திறமையைக் காட்டினாரா என்பதே கேள்வி என்றது. இளைய வைத்தியர் தான் செய்ததைச் சரிபார்க்குமாறு மூத்தவரிடம் கேட்டிருந்தார். அதனால் அவர் தப்பினார், சரிபார்க்கத் தவறிய மூத்தவர் மாட்டிக்கொண்டார். தனிமனித நியாயம் என்ற அளவில் இதில் குறைகாண முடியாது. ஆனால் புரோமிலி போன்ற ஒரு சம்பவத்தில் மூவரும் தனித்தனியாகக் கூண்டில் ஏறி, 'நான் என்னுடைய பங்கைச் செய்தேன்' என்று சொல்லக்கூடும். மூன்று பேரின் பங்குகளையும் கூட்டிப்பார்த்தால் அங்கே ஒரு உயிர் குறைகிறது.

என்னுடைய அபிப்பிராயத்தில், இதற்கு ஓரளவு நியாயமான பதிலை டெனிங் பிரபு 1951இலேயே தந்துவிட்டார். கசிடி என்பவர் விறைத்த இரண்டு விரல்களுக்குச் சிகிச்சை பெறச் சென்று நான்கு விறைத்த விரல்களுடன் திரும்பியவர். தன்னைப் பராமரித்தவர்களில் எவர் தவறினார் என்று அவர் சுட்டிக்காட்டத் தேவையில்லை, விளக்கவேண்டியது வைத்தியசாலையே என்பது அவ்வழக்கின் சாரம். இந்திய உச்ச நீதிமன்றமும் 2004இல் சவிதா கார்க் வழக்கில் இதே பாதையில் சென்றது. கணவரை இழந்த பெண் வைத்தியசாலைக்கு எதிராக முறையிட்டார். சிகிச்சையளித்த வைத்தியர்களைப் பெயர் குறிப்பிட்டு எதிராளிகளாகச் சேர்க்கவில்லை என்று நுகர்வோர் ஆணைக்குழு அதைத் தள்ளுபடி செய்தது. மயங்கிக் கிடக்கும் நோயாளிக்கோ கதவுக்கு வெளியே நிற்கும் மனைவிக்கோ எந்த வைத்தியர் எதைச் செய்தார் என்று எப்படித் தெரியும்? உச்ச நீதிமன்றம் தள்ளுபடியை நீக்கி, தன்பக்கத்தில் கவனயீனம் இல்லை என்று காட்டவேண்டிய சுமையை வைத்தியசாலை மீது வைத்தது.

எனக்கு இதெல்லாம் வெறும் புத்தகப் படிப்பாக இருந்தது, சில வருடங்களுக்கு முன் என்னுடைய குரலே கம்மிப்போகும்வரை. குரல்நாணில் சிறு வளர்ச்சி, எடுத்துப் பரிசோதிக்கவேண்டும் என்றார்கள். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலை. பெயர் வேண்டாம். அங்கு எனக்குக் குறைவொன்றும் நேரவில்லை. சத்திரசிகிச்சை நிபுணரிடம், "குழாய் போகாவிட்டால் கழுத்தைக் கீறவேண்டும் என்று முடிவெடுப்பது யார், டொக்டர்?" என்று கேட்டேன். சிரித்தார். "பேப்பர்காரர் என்பதைக் காட்டிவிட்டீர்கள், ஐயா. அதை மயக்கமருந்து டொக்டரிடம்தான் கேட்கவேண்டும்" என்றார். சம்மதப் பத்திரத்தைத் திருப்பித்திருப்பிப் பார்த்தேன். சத்திரசிகிச்சை நிபுணரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. மயக்கமருந்து நிபுணருக்கு ஒரு வெற்றுக்கோடு.

அந்த வெற்றுக்கோட்டுக்குரியவர் மறுநாள் காலையில் வந்தார். என் மகளின் வயதிருக்கும். வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், கழுத்தைப் பின்னால் வளைக்கச் சொன்னார், ஆடும் பல் ஒன்றைக் குறித்துக்கொண்டார். அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "முயற்சிகளுக்கு ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறோம், ஐயா. அது தாண்டினால் 'குழாய் போகவில்லை' என்று நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுவேன். அதற்குப் பிறகு ஒட்சிசனும் போகாவிட்டால் கத்தி சேரின் கையில். அவர் அறையில் இல்லாவிட்டால் என்னுடைய கையில். காலையிலேயே இருவரும் பேசிவிட்டோம்" என்றார். அரை நிமிடப் பேச்சு. அது முன்னதாகவே நடந்திருந்தது என்பதுதான் எனக்கு நித்திரை தந்த மருந்து. உலக சுகாதார ஸ்தாபனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கடினமான சுவாசப் பாதையா என்று மயக்கமருந்து கொடுக்கும் முன்னரே கேட்கவேண்டும் என்றும், கத்தி வைக்கும் முன் அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும் என்றும் இருக்கிறது.

இலங்கையில் ஏதாவது நேர்ந்திருந்தால் என்னுடைய குடும்பத்தினர் எங்கே போயிருப்பார்கள்? இங்கு இத்தகைய வழக்குகள் உரோம-டச்சுச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அரசாங்க வைத்தியசாலை என்றால் 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அரசுக்கு எதிராகவே வழக்குத் தொடுக்க வழிசெய்கிறது. யாருடைய கை தவறியது என்றாலும் ஊழியத்தில் இருந்த கை என்றால் அரசு பதில் கூறவேண்டும். தனியார் வைத்தியசாலையில் நிலைமை சிக்கலானது. அங்கு வந்து சிகிச்சையளிக்கும் நிபுணர்களில் பலர் அரச சேவையில் இருந்துகொண்டு மாலையில் வருபவர்கள். 'அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், நாங்கள் இடம் மட்டுமே கொடுத்தோம்' என்று நிர்வாகம் சொல்ல இடமிருக்கிறது. குடும்பத்தினர் ஆட்களைத் தேடிப் பெயர் குறிக்கவேண்டும். அதற்கும் இரண்டு வருடக் காலவரையறை.

ஆளைக் கண்டுபிடித்தாலும் போதாது. பேராசிரியை பிரியானி சொய்சாவுக்கு எதிராகக் குழந்தை ஒன்றின் தந்தை தொடுத்த வழக்கு இந்நாட்டில் மிகவும் பேசப்பட்டது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கியது. 2001இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கவனயீனம் இருந்தாலும் அதுவே மரணத்துக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்பது அதன் அடிப்படை. இந்தக் காரணகாரியத் தொடர்பு என்ற வாசலைச் சுவாசப் பாதை வழக்கில் கடப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப்பாருங்கள். மூளைக்கு ஒட்சிசன் இல்லாமல் கழியும் சில நிமிடங்களே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. பின்னர் வந்தவர், 'நான் வரும்போதே காலம் கடந்துவிட்டது' என்பார். முன்னர் இருந்தவர், 'அவர் உடனே கீறியிருந்தால் பிழைத்திருப்பார்' என்பார். ஆளுக்கொரு காப்புறுதிக் கம்பனி, ஆளுக்கொரு சட்டத்தரணி.

போதாக்குறைக்குக் குறிப்பேடுகளும் இரண்டு. மயக்கமருந்து அட்டவணையை ஒருவர் எழுதுகிறார், சத்திரசிகிச்சைக் குறிப்பை மற்றவர் எழுதுகிறார். நெருக்கடி முடிந்தபின் நினைவிலிருந்து எழுதும் நேரங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒரே விபத்துக்குப் போன இரண்டு நிருபர்கள் கொண்டுவரும் நேரங்களில் ஐந்து நிமிட வித்தியாசம் இருப்பதை ஆசிரியபீடத்தில் நாளாந்தம் கண்டவன் நான். செய்தியில் அந்த ஐந்து நிமிடம் ஒரு பொருட்டல்ல. இங்கே அதுதான் வழக்கே.

பிரித்தானிய மயக்கமருந்து நிபுணர்களின் கல்லூரி, கடினச் சுவாசப் பாதைச் சங்கத்துடன் சேர்ந்து 2008 முதல் 2009 வரை ஒரு வருட காலம் அந்நாட்டு அரச வைத்தியசாலைகளில் நேர்ந்த பாரிய சுவாசப் பாதைச் சிக்கல்களைச் சேகரித்து 2011இல் வெளியிட்டது. ஆராயப்பட்ட 184 சம்பவங்களில் 72இல் தலை, கழுத்து அல்லது வாதனாளியில் நோய் இருந்தது. அதாவது, இரண்டு துறையினரும் கூடி நிற்கும் இடம். அவ்விபரங்களை வைத்தியர்கள் துணிந்து அனுப்பியதற்குக் காரணம், அனுப்பியவரைத் தண்டிக்க அது பயன்படாது என்ற உறுதி.

மார்ட்டின் புரோமிலி அந்த மூன்று வைத்தியர்களும் தொழிலை இழக்கவேண்டும் என்று கேட்கவில்லை. அவர்கள் பணிக்குத் திரும்பியதையே தான் விரும்பியதாகப் பின்னர் பல மேடைகளில் கூறியிருக்கிறார். 2007இல் மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராயும் அமைப்பொன்றையும் அவர் ஆரம்பித்தார். எல்லாக் கணவன்மாரிடமும் இந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை. உழைப்பாளியை இழந்த குடும்பத்துக்கு நட்டஈடு வேண்டும். அதை முதலில் வைத்தியசாலையே கொடுக்கட்டும், அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும். பின்னர் நிபுணர்களும் காப்புறுதிக் கம்பனிகளும் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளட்டும். மயக்கமருந்து கொடுப்பவரின் பெயர் சம்மதப் பத்திரத்தில் முன்கூட்டியே இடம்பெறட்டும். என்ன நடந்தது என்று அறியும் உரிமை அதற்கும் மேலானது. அதற்கு இந்நாட்டில் முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. மகப்பேற்றில் ஒரு தாய் இறந்தால், குடும்ப சுகாதாரப் பணியகத்தின் ஏற்பாட்டில் அந்த மரணம் ஒவ்வொன்றும், எவரையும் குற்றவாளியாக்கும் நோக்கமின்றி, பல துறை நிபுணர்கள் கூடி ஆராயப்படுகிறது. தாய்மார் மரணங்களைக் குறைத்ததில் இலங்கை பெற்றிருக்கும் நற்பெயரில் அந்த மேசைக்கும் பங்குண்டு. சத்திரசிகிச்சைக்கூடத்தில் நேரும் மரணங்களுக்கும் அதே மேசையில் ஓர் இடம் ஒதுக்கி, அங்கு எழுதப்படும் அறிக்கையின் பிரதி ஒன்றை இறந்தவரின் குடும்பத்தினருக்கு அவர்களது மொழியில் கொடுக்கலாம்.